வீட்டுப் பேர்

என் மனைவி றெஜினா ஒரு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் செக்கியூரிற்றி. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் என் அண்ணர் யேசுரட்ணத்துக்குத்தான். விட்பி என்ற புறநகரில் புது வீடு வாங்கியதிலிருந்து மனுசனுக்குக் கால் நிலத்தில் படுவதில்லை. "உன்ர மனிசி இன்னும் அந்த வாச்சர் வேலைதானோ?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். றெஜினா சிரித்துக்கொண்டே, "ஓம் அண்ணை, வாச்சர்தான். கேக் எடுங்கோ" என்பாள்.

அந்த வாச்சர் என்ன செய்தாள் என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களுக்குப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். றெஜினா வீட்டில் பபா. கோயிலில் பாதிரியார் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தபோது, பபாவைக் குழந்தையாகத் தூக்கித் திரிந்த என் சித்தப்பா, "ஆரடா உந்த றெஜினா? பபாவைக் கைவிட்டிட்டியோ?" என்று என் மேல் பாய்ந்தார். சொந்தக்காரருக்குப் பதிவுப் பெயர் தெரிகிற இலட்சணம் அவ்வளவுதான்.

போன வின்ரரில் ஒரு மத்தியானம், றெஜினாவின் மேசைக்கு ஒருவன் சாப்பாட்டுப் பையோடு வந்தான். நல்ல கோட், தேன் ஒழுகும் பேச்சு. அவள் தமிழ் என்று கண்டதும் உருகிவிட்டான்.

"தங்கச்சி, நான் நிலாணியின்ர பெரியப்பா. நிலாணி ஸ்ரீஸ்கந்தராசா. பிள்ளைக்குச் சுகமில்லையாம், தாய் கஞ்சி குடுத்துவிட்டவ. றூம் நம்பரைச் சொன்னீங்களெண்டால் நானே குடுத்திட்டு வாறன்."

அறை எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்த மேசையில் வேறு யாரும் இருந்திருந்தால் 'ஏலாது' என்று அனுப்பியிருப்பார்கள். அவனும் வெளியே போய், பிள்ளை இறங்கி வரும்வரை காத்து நின்றிருப்பான். றெஜினாவுக்கு அவன் முழுப் பெயரையும் ஒப்புவித்த விதம் உதைத்தது. எந்தப் பெரியப்பா அப்படிச் சொல்வார்?

"வீட்டில பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறவை அண்ணை?"

"நிலாணி எண்டுதான்."

"செல்லப் பேர் ஒண்டும் இல்லையோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை" என்றவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"இருங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்று கதிரையைக் காட்டிவிட்டு, அவள் உள் அறைக்குப் போய்ப் பிள்ளையைப் போனில் அழைத்தாள். "எனக்குப் பெரியப்பாவே இல்லை அன்ரி. ஆள் எப்பிடி?" என்று கேட்டது பிள்ளை. றெஜினா ஆளைச் சொன்னாள். மறுமுனையில் அழுகை. பகுதிநேரமாக வேலை செய்த கடையில் தொடங்கி, பஸ்ஸிலும் தெருவிலும் வீட்டு வாசலிலும் துரத்தியவன். அவனுக்குப் பயந்துதான் வீட்டை விட்டே விடுதிக்கு வந்திருக்கிறது. போலீசுக்குச் சொன்னதை விடுதியில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறது.

"கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருங்கோ அம்மா. நான் இஞ்ச நிக்கிறன்."

கூட வேலை செய்யும் இருவரைப் பிள்ளையின் கதவடிக்கு அனுப்பி, போலீசை அழைத்துவிட்டு, அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நீங்கள் எவடம்? எந்தக் குறிச்சி? எந்தப் பள்ளிக்கூடம்? மனிசி எந்தப் பக்கம்? இந்தக் கேள்விகளின் நடுவில் எழும்பிப் போகும் தமிழனை நான் கண்டதில்லை. அவனும் போகவில்லை. பொய்க்கு மேல் பொய் சொல்லி வியர்த்துப்போய் இருந்தான். மாமியார் வீட்டு விபரத்துக்கு வந்தபோது போலீஸ் வந்துவிட்டது. பிள்ளைக்குக் கிட்டவே போகக் கூடாது என்று ஏற்கெனவே உத்தரவு இருந்ததாம், விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள்.

பிள்ளை இறங்கி வந்து றெஜினாவைக் கட்டிப்பிடித்து, தன் வீட்டுப் பேரைக் காதுக்குள் சொன்னதாம்.

இந்த நத்தார்ப் பண்டிகைக்கு டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் நான்தான் கதையை எடுத்துவிட்டேன். சும்மா இருப்பேனா? அண்ணர் வாயைப் பிளந்து கேட்டார். கேட்டு முடிந்த பிறகும் குணம் போகவில்லை. "அந்தப் பெட்டை ஆரின்ர ஆக்கள்? வீட்டுப் பேர் என்ன?" என்றார்.

"அது சொல்லேலாது அண்ணை. கேக் எடுங்கோ" என்றாள் றெஜினா.

அண்ணர் கேக்கை எடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இராத்திரிப் பாத்திரம் கழுவும்போது நானும் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். புருசன் என்ற முறையில் ஒரு உரிமை இருக்கிறதல்லவா? எனக்கும் சொல்லமாட்டாளாம். நிலாணி என்பதுகூட நான் இந்தக் கதைக்காக வைத்த பெயர்தான்.