ஜெயமேரி அக்காவின் ஐஸ் டீ

எலுமிச்சம்புல்லைக் கையில் கசக்கினால் ஒரு வாசம் வருமே... நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி செக்கிங் ஹாலில், பதினொரு மணிக்கு அந்த வாசம்தான் வரும்.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும். எனக்கு இருபது வயது. அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். தைத்த பனியனில் குறை பார்க்கிற ஹால், தகரக் கூரை. பஞ்சுத் தூசு பறந்து வெள்ளை பீஸில் ஒட்டிவிடும் என்று ஃபேன்கூடப் போட மாட்டார்கள். அந்த வெக்கையில் கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க டீ வரும். யாருக்கு இறங்கும்?

ஒரு நாள் பக்கத்து டேபிள் பெண் மயங்கி விழுந்தாள். மேனேஜர் ஓடி வந்தார். முதலில் அவள் கையிலிருந்த பீஸில் அழுக்குப் பட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

மறுநாள் எங்கள் டேபிள் ஜெயமேரி அக்கா ஒரு கேனோடு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். லைன் வீட்டில், பாத்ரூம் தண்ணீர் போகிற இடத்தில் பெயிண்ட் டப்பா வைத்து எலுமிச்சம்புல் வளர்த்தார்.

"தண்ணி நல்லா கொதிச்சதும் அடுப்ப அணைச்சிரணும்ட்டி. பெறவுதான் புல்லு, புதினா, துளசி, தட்டுன இஞ்சி, ஒரு சிட்டிகை டீத்தூள். மூடி வச்சிரு. ஆறுனப்புறம் எலுமிச்சை புழி. சூட்டுல புழிஞ்சா கசந்துரும்."

துவைத்துக் காயவைத்த பனியன் துணியில் வடிகட்டுவார். நாட்டுச்சர்க்கரை கொஞ்சம். லைன் வீட்டில் ஏது ஃப்ரிட்ஜ்? மேனேஜரிடம் கேட்டு, வந்ததும் கேனை ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். பதினொரு மணிக்கு எடுத்து, ஐஸ் கட்டி போட்டு, ஹாலுக்கு வெளியே நின்று எல்லோருக்கும் ஊற்றுவார்.

அப்புறம் ஒரு நாள், பனியனுக்கு ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் வந்தார்.

வழக்கம்போல நானும் அக்காவும் கேனை எடுக்கப் போனோம். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. பையர் கையில் எங்கள் டீ. மேஜை மேல் காலிக் கேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னது எனக்கே புரிந்தது... இது எங்கள் கம்பெனி ஸ்பெஷல், லேபருக்கு தினமும் நாங்கள் கொடுக்கிறோம்!

 ஹாலில் வெக்கையில் இருபது பேர் காத்திருக்கிறார்கள்.

மேனேஜர் வெளியே வந்தார். "ஏம்மா மேரி, நாளைக்கு ரெண்டு கேனாக் கொண்டாந்துருங்க. அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "கொண்டார மாட்டேன் சார். அது எம் பிள்ளைகளுக்கு உள்ளது."

"ஃப்ரிட்ஜு நம்முளுதுங்கறது ஞாபகம் இருக்கட்டும்."

"உங்க ஃப்ரிட்ஜ நீங்களே வச்சிக்கிடுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

அதற்கப்புறம் கேன் அந்த ஃப்ரிட்ஜுக்குப் போகவே இல்லை. கட்டிங் வேஸ்ட் துணியை நனைத்துச் சுற்றி, டேபிளுக்கு அடியில் வைத்தார். சில்லென்று இருக்காது. ஆனாலும் ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

இதை இன்று ஏன் எழுதுகிறேன் என்றால்... போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷன். வாசலிலேயே ஹெர்பல் ஐஸ் டீ கொடுத்தார்கள். நாலு பேருக்கு நடுவில் அதே மேனேஜர். இப்போது சொந்த யூனிட் வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் எங்க கம்பெனில அப்பவே லேபருக்குக் குடுத்தமுங்க!"

இந்த முறை என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க குடுக்கலீங்க சார். ஜெயமேரி அக்கா குடுத்தாங்க. நீங்க அத எடுத்து பையருக்கு ஊத்துனீங்க."

கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கேட்டார்:

"ஜெயமேரியா... யாருங்க அது?"

பெயர்கூட ஞாபகம் இல்லை! டீ மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது செக்கிங் ஹால்களில் ஏர்கூலர் ஓடுகிறது, குளிர்ந்த தண்ணீர் வருகிறது. நல்லதுதான். அக்கா ஊருக்குத் திரும்பிப் பல வருஷம் ஆயிற்று, நம்பரும் மாறிவிட்டது. என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும், அதே கைப்பக்குவத்தில். யாராவது நன்றாக இருக்கிறது என்றால், நான் செய்தது என்று மட்டும் சொல்வதில்லை.