அம்பாவும் அம்பாளும்

அச்சுவேலியில் எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு அம்பா பாட ஆள் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அம்பா என்றால் கரைவலை இழுக்கிறவர்கள் இழுவையோடு பாடுகிற பாட்டு. சின்ன வயதில் வல்வெட்டித்துறையில் மாமி வீட்டுக்குப் போனால், சாப்பாட்டை விட்டுவிட்டு அதைக் கேட்கக் கரைக்கு ஓடுவேன். அப்போது முன்கயிறு பிடித்துப் பாடியவரையே தேடிப் பிடித்தேன். எழுபதைத் தொட்டிருந்தார்.

"வாறன் தம்பி. என்ரை மனிசியையும் கூட்டியாறன். கலியாணம் முடிச்சு நாப்பது வருசம், நான் பாடி அவ கேட்டதில்லை. எங்கடை பெண்டுகள் வலை இழுக்கிற இடத்துக்கு வாறேல்லை. வீட்டிலை எனக்குப் பாட்டு வராது."

எங்கள் காரியதரிசி ஒரு பண்டிதர். நோட்டீஸில் 'அம்பாள் பாடல்கள்' என்று அடித்துவிட்டார். விழாவன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

"நீர் ஒரு எழுத்தை விட்டிட்டீர், நான் திருத்திப்போட்டன்" என்றார் பெருமையாக.

அதற்குள் சனம் வந்துவிட்டது. முழுகி, திருநீறு பூசி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்த சனம். மேடையில் குத்துவிளக்கு, தட்டு நிறையச் செவ்வரத்தம்பூ.

பாட்டுக்காரர் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரும் கைகூப்பினார்கள். அவர் சனத்தைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். ஒரு செருமல். அவ்வளவுதான்.

"என்னண்ணை, துவங்குங்கோவன்" என்றேன் மேடைக்குக் கீழே நின்று.

"எப்பிடியடா துவங்குறது? கயிறு எங்கை?"

"கயிறோ?"

"வெறுங்கையோடை எனக்குச் சத்தம் வராது தம்பி."

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "அம்பாளுக்கு ஊஞ்சல் கட்டப்போறாராக்கும்" என்றாள்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, உப்பிடி முழிக்கவோ என்னை இவ்வளவு தூரம் பஸ்ஸிலை கூட்டிவந்தனீங்கள்?"

மனிதரின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேடைக்கு ஏறி, அவரை ஓரத்துக்கு இழுத்துப்போய், திரைக் கயிற்றைக் கையில் கொடுத்தேன்.

ஒரு இழுவை. குரல் வந்தது பாருங்கள்! மைக் எதற்கு? கூரை ஓடு அதிர்ந்தது. ஆனால் குரலோடு திரையும் வந்து மூடிக்கொண்டது. நான் மற்றக் கயிற்றைப் பிடித்து இழுத்துத் திறந்தேன். அவர் மூடினார், நான் திறந்தேன். ஒரு வரிக்குச் சனம் அவரைக் கண்டது, அடுத்த வரிக்குத் திரைக்குள் இருந்து குரல் மட்டும். பாட்டோ, உப்பில்லாமல் கறி வைத்த மச்சாளைப் பற்றியது. கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. யாரோ ஒருவர் "ஏலேலோ" என்று எடுத்துக் கொடுத்தார். பிறகு மண்டபம் முழுக்க ஏலேலோ. பண்டிதரும் போட்டார், எழுத்துப் பிழை இல்லாமல்.

முடிந்ததும் வியர்க்க வியர்க்க இறங்கி வந்தவர், கைதட்டிய சனத்தைப் பார்க்கவேயில்லை. நேரே மனைவிக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுவோ அம்பா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஓம்."

"இதைத்தானே நாப்பது வருசமா நித்திரையிலை முணுமுணுக்கிறியள்! பேய் பிடிச்சிட்டுதெண்டெல்லோ நான் உங்களுக்கு நூல் கட்டுவிச்சனான். அதோடை என்ரை போர்வையையும் இழுத்து இழுத்து..."

"அப்ப, பிடிக்கேல்லையோ?"

அவர் சேலைத் தலைப்பால் கணவரின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

"நித்திரையிலை ஏன் உவ்வளவு மெதுவாப் பாடுறனீங்கள்?" என்றார்.