சைபர் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

இது என் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியைப் போன தை மாதம் நம் சபையில் நின்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அது தப்பான சாட்சி. அதைத் திருத்தாமல் இதை எழுத எனக்குக் கை வராது. ஆகவே முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் பெயர் லில்லி. திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறோம். துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுகிறவள் நான். என் கணவர் தேவராஜுக்குத் துறைமுகத்தில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். கையும் காலும் வடக்கயிறு மாதிரி இருக்கும். அவர் படுத்துவிடுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்தத் தைக்கு முந்தைய மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அவருக்கும் வந்து நான்கு நாளில் நின்றது. பத்து நாள் கழித்து, நடக்கும்போது செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று போனது. மறுநாள் படியில் முழங்கால் மடங்கியது. மூன்றாம் நாள் கட்டிலை விட்டு எழவில்லை. மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் கைக்கு ஏறி, அப்புறம் மூச்சுக்கும் ஏறிவிட்டது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பிக்கொண்டு சொந்த நரம்பைத் தாக்குகிற வியாதி என்றார் டாக்டர். தொண்டையில் குழாய் போட்டுப் பதினொரு நாள் மெஷின் மூச்சு. உயிர் திரும்பி வந்தது. கைகள் மெல்ல மெல்ல வந்தன. கால்கள் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலையில் துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்க வைத்து, நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். மாலையில் வந்து மறுபடியும் புரட்டல், துடைத்தல், துவைத்தல். ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். என் களைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

வியாழக்கிழமைதோறும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து பர்வீன் மேடம் வருவார். பிசியோதெரபி பார்ப்பவர். ஒவ்வொரு தசையாகத் தொட்டு, அமுக்கி, தள்ளிப் பார்த்து ஒரு அட்டையில் எண் எழுதுவார். ஒன்றுமே இல்லை என்றால் சைபர். அசைவு இல்லாமல், தொட்டுப் பார்க்கிற அவர் விரலுக்கு மட்டும் ஒரு துடிப்பு தெரிந்தால் ஒன்று. ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலின் கனத்தை அவர் தாங்கிக்கொள்ளும்போது மட்டும் அசைந்தால் இரண்டு. தன் கனத்தைத் தானே தூக்கினால் மூன்று. அவர் எதிர்த்துத் தள்ளும்போதும் கொஞ்சம் தாங்கினால் நான்கு. முழுசாகத் தாங்கினால் ஐந்து. தோளுக்கு நான்கு வந்தது. வயிற்றுக்கு மூன்று வந்தது. தொடைக்கு இரண்டு பக்கமும் சைபர், சைபர். கணக்குப் பரீட்சை எழுதாமலே பெயிலான மாதிரி இருக்கும் எனக்கு.

ஒரு சனிக்கிழமை, துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய வலது குதிகால் படுக்கையில் இரண்டு விரற்கடை மேலே நகர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். வாளியைத் தட்டிவிட்டுக் கத்தினேன். மறுநாள் சபையில் எழுந்து, "என் புருஷன் காலு அசைஞ்சிருச்சு" என்று சொன்னேன். கை தட்டல் உங்களுக்கு நினைவிருக்கும். நம் சபையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறதே, ஒரு பக்கம் 'வேண்டுதல்', மறுபக்கம் 'ஸ்தோத்திரம்' என்று. அன்றைக்கே பாஸ்டர் ஐயா தேவராஜ் என்ற பெயரை வேண்டுதல் பக்கத்தில் அழித்து, ஸ்தோத்திரம் பக்கத்தில் எழுதினார்.

வியாழக்கிழமை மேடம் வந்தார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு கையால் என் கணவருடைய இடுப்பெலும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்போ காலை இழுங்க" என்றார். ஒன்றும் இல்லை. கையை எடுத்தார். மறுபடியும் குதிகால் நகர்ந்தது.

"இது கால் இல்லம்மா" என்றார். "விலாவுக்குக் கீழே, பக்கவாட்டு முதுகுல ஒரு தசை இருக்கு. அது இடுப்பை மேல தூக்குது. இடுப்பு போனா கால் கூடவே போகும். தொடை இன்னும் சைபர்தான்."

மேடம் போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். குழாய் போட்ட தொண்டை, குரல் கரகரவென்று வரும். "எனக்குத் தெரியும்மே. நீ அயுதுகினே கீற. எதையாவது ஆட்டிக் காட்டலாம்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல, யார் மேல் என்றும் தெரியவில்லை. ஆனால் வந்த ஞாயிறு நான் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை. ஊரே கை தட்டிய பிறகு எப்படிச் சொல்வது? பார்க்க வந்த சகோதரிகளிடம், "இன்னும் நல்லா அசையுது" என்றேன். "யோவ், காட்டுய்யா" என்பேன். அவரும் இடுப்பை இழுப்பார். அவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். விட்ட தையலைக் கண்டுபிடிக்கிற வேலைக்காரி, என் வீட்டில் கிழிந்த சட்டையை நானே பாஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் என்பது சும்மாவா?

"எத்தினி தபாமே காட்றது?" என்று ஒருநாள் கேட்டார். "இடுப்பு நோவுது."

அந்த மாசியில் மணலியில் இருந்து ஒரு சகோதரர் ஜெபிக்க வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனுஷன். "காலுதான் அசையுதே, அப்புறம் இன்னா பயம்? எழுந்து நில்லுப்பா" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, "ஐயா, அது கால் இல்லை" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து நிறுத்தினார்கள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் இரண்டு முழங்காலும் மடங்கின. கட்டில் முனையில் புருவம் மோதியது. மூன்று தையல். அந்தச் சகோதரர் அழுதார். குற்றம் அவருடையது அல்ல, என்னுடையது.

மறுநாள் ரத்தம் பட்ட தலையணை உறையைத் துவைத்துக்கொண்டு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் சொன்னதை ஜெபம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முழங்கால் போடவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, எனக்கு முடியலை. காலைக் குடு, குடுக்காம போ, அது உன் இஷ்டம். ஆனா இல்லாததை இருக்குன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோவுது. இதுல இருந்து என்னை எடுத்து விடு." அவ்வளவுதான். குழாயை மூடிவிட்டு எழுந்தேன்.

எழுந்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதல் பதில் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "நானும் ரெண்டு கூட்டத்துல இதைச் சொல்லிட்டேனேம்மா" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நீயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

நின்றார். நான் சொன்னேன். "என் புருஷன் காலுல அசைவு இல்லை. தொடை சைபர். அன்னைக்கு அசைஞ்சது இடுப்பு. தெரிஞ்ச பிறகும் நான் மறைச்சேன்." சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். விசுவாசக் குறைவு என்று வெளியே படிக்கட்டில் பேசியதும் என் காதில் விழுந்தது. பரவாயில்லை. ஐயா பலகைக்குப் போய் அவர் பெயரை அழித்து, மறுபடியும் வேண்டுதல் பக்கத்தில் எழுதினார்.

அன்று மத்தியானம், பின்வரிசையில் உட்காருகிற சாந்தி அக்கா சங்கரா மீன் குழம்போடு வீட்டுக்கு வந்தார். எண்ணூரில் மீன் விற்கிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னா பொம்பளம்மே நீ? ரெண்டு மாசமா நாங்க எல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிகினு கீறோம். ஒருத்தரும் கேக்கவே இல்ல. வந்துடுச்சுன்னு நெனச்சு உட்டுட்டோம். இன்னிக்கித்தான் திருப்பிக் கேக்க ஆரம்பிக்கிறோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சாட்சியால் அவருக்காக ஏறிக்கொண்டிருந்த ஜெபத்தையே நான் நிறுத்தியிருக்கிறேன். அழுகை வந்தது. அக்கா என்னை அழவிட்டு, அவருக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் ஆனது. ஒரு திங்கட்கிழமை காலை, துடைக்கும்போது மேடம் செய்வதுபோல முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே மூன்று விரலை வைத்தேன். "முட்டியை மெத்தைல அமுக்குய்யா" என்றேன். கால் அசையவில்லை. ஆனால் விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று இறுகித் தளர்ந்தது. கொசு கடித்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அவ்வளவுதான். மறுபடி வைத்தேன். மறுபடியும் வந்தது. மற்றக் கையால் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அப்போதும் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சூடு கண்ட பூனை நான். சபைக்கும் சொல்லவில்லை, நாத்தனாருக்கும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு செக்கிங் டேபிளில் நின்றேன்.

வியாழக்கிழமை பர்வீன் மேடம் இரண்டு தொடையிலும் மாறி மாறி விரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. அட்டையை எடுத்து சைபருக்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினார்.

"மேடம், நல்லாப் புடிச்சீங்களா? இடுப்பு இல்லையே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது தொடைதாம்மா. அல்லாவே, ரெண்டு பக்கமும் வந்திருக்கு."

கட்டிலில் இருந்து அவர் குரல் வந்தது. "எனக்கு திங்கக்கெயமையே தெரியும். நீ சொல்லுவன்னு பாத்துகினு கீறேன், நான் சொல்லுவேன்னு நீ பாத்துகினு கீற." மூவரும் அழுதோம். மேடம் அழுததைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், மன்னிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வேகமாக எதுவும் நடக்கவில்லை. ஒன்று இரண்டாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருக்களித்துப் படுத்து, மேடம் கையில் காலைக் கிடத்தி நீட்டுவார். ஐயாவிடம், மூன்று வரும் வரை பலகையில் பெயரை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆடி பிறந்ததும் ஒருநாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பின்னால் சாயாதபடி மேடம் தோளைப் பிடித்துக்கொள்ள, வலது காலை நேராக நீட்டினார். மூன்று. இன்றைக்கு இரண்டு தொடையும் நான்கு. பாதம் தொங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொண்டு, கைத்தடியோடு நடக்கிறார். கன்டெய்னர் மேல் இனி ஏற முடியாது. யார்டு கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் எழுதுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இன்னும் களைப்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் பொய் சொல்கிற களைப்பு போய்விட்டது, மற்றது தூங்கினால் தீரும். இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ஒருவர் படுக்கையில் இருந்தால், தயவு செய்து கர்த்தரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். சைபர் என்றால் சைபர் என்றே சொல்லுங்கள். அவர் அதற்காகக் கோபப்படவில்லை. வாளி மேல் உட்கார்ந்து கேட்ட எனக்கே கொடுத்தார்.

நம் பலகையைப் பாருங்கள். இப்போது அவர் பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஸ்தோத்திரம் பக்கத்தில், 'தேவராஜ், தொடைகள்'. வேண்டுதல் பக்கத்தில், 'தேவராஜ், பாதங்கள்'. ஐயா எழுதும்போது நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் சபைக்குப் படியேறி வரும்போது இடது இடுப்பு இன்னும் கொஞ்சம் தூக்கும், ஏனென்றால் இடது பாதம் இன்னும் இரண்டில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கை தட்டாதீர்கள். அதற்காக ஜெபியுங்கள்.