பச்சைக் களிம்பில் கலந்திருந்தது

அவள் கல்லூரி ஆய்வகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்ப்பவள். தோல் நோய்க்கு மருந்தென்று சொல்லப்படும் செடிகளை அரைத்து, வடித்து, கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சைக்கு நடுவில் வைத்து, அது சாகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பெரும்பாலும் சாகாது. "பாதிச் செடி பேருக்குத்தான் மருந்து" என்று கேலி பேசுவாள்.

ஒரு மருந்தை மட்டும் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. அது அக்கா வீட்டுக்காரர் வண்டுகொல்லி இலையில் செய்து விற்ற பச்சைக் களிம்பு. படர்தாமரைக்குத் தடவினால் மூன்றே நாளில் அரிப்பு அடங்கும். மகளின் இடுப்பில் வந்தபோது அவளே ஐந்து மாதம் தடவிவிட்டாள். நிறுத்தினால் திரும்ப வந்தது. திரும்பத் தடவினாள்.

அந்த வருடம் ஆய்வகத்தில் வண்டுகொல்லியின் முறை வந்தது. இலைச் சாற்றை ஒரு தட்டில் வைத்தாள். கூடவே, ஒரு பெருமைக்காக, அத்தானின் களிம்பை இன்னொன்றில் வைத்தாள். பத்தாம் நாள் பார்த்தால், சாற்றைச் சுற்றிப் பூஞ்சையே இல்லை, துடைத்துவிட்டதுபோல் ஒரு வட்டம். களிம்புத் தட்டிலோ பூஞ்சை பஞ்சுபோல் விளிம்புவரை மண்டிக் கிடந்தது.

தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி செய்தாள். அதே கதை. பேராசிரியை களிம்பை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார். அறிக்கை வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. இலை இருக்குறதுக்கு அடையாளமே இல்ல. இது அரிப்ப அமுக்கும். அடியில நோய் பரவிக்கிட்டே இருக்கும்."

வீட்டுக்குப் போய் மகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புத் தோல் காகிதமாய் மெலிந்து, சிவப்புக் கோடுகள் ஓடியிருந்தன. வளரும் பிள்ளைக்கு வருவதுதான் என்று இருந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் மதியம் அக்கா வீட்டு மேசையில் அந்த அறிக்கையை வைத்தாள். அத்தான் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்மா. இது நம்ம வீட்லயே..."

பாதியில் நின்றார். பல வருடமாகக் களிம்பைக் காய்ச்சுவது மனைவி. அவர் விற்பதோடு சரி. மெல்லத் திரும்பிப் பார்த்தார். அக்கா டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இலைக்கு நோய் கேக்க ஒரு மாசம் ஆகும். யாரு காத்திருப்பா? ஒருத்தன் டப்பாவ உங்க மூஞ்சில வீசிட்டுப் போனானே, அன்னைலேருந்து மருந்துக்கடை டியூபத்தான் பச்சைச் சாயம் போட்டுக் கலக்குறேன். ஆறு வருஷமா."

"என் பொண்ணுக்கும் அதையேவா குடுத்த?" என்றாள் தங்கை.

"நீ வந்து கேட்ட. நான் என்னன்னு சொல்லுவேன்?"

அத்தான் அறிக்கையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"வெறும் இலை... அது வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது அத்தான்."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே கடையை மூடினார். வாங்கியவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, உள்ளதைச் சொல்லி, டாக்டரிடம் போகச் சொன்னார். சிலர் கழுத்தைப் பிடித்தார்கள். அதைவிட அவரை உலுக்கியது மற்றவர்கள் கேட்டதுதான்: "பழைய டப்பா ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்குமா?"

மகளுக்கு எட்டு மாத வைத்தியத்தில் படர்தாமரை போனது. கோடுகள் போகவில்லை. அக்காவோடு இவள் பேசாமல் இல்லை. ஆனால் பிள்ளையின் தலையில் அக்கா எண்ணெய் வைக்க வந்தால், இவள் கை தன்னால் நீண்டு தடுக்கிறது.