மரியாதைக்கு ஒரு ஓம்

தொண்ணூறுகளின் நடுவில், எசன் நகரத்தில், ஏழு வயதுப் பிள்ளையொன்றின் படிப்பை நான் ஒரே சொல்லில் முடித்துவைக்கப் பார்த்தேன். அது ஜெர்மன் சொல்கூட இல்லை.

அப்போது நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் ஜெர்மன் முழுவதும் அந்தக் குசினியில் பொறுக்கியது. "கவனம், சூடு!", "கெதியா!", "ஆர் இதை உடைச்சது?" இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஜெர்மனியில் எத்தனை வருசமும் சீவிக்கலாம். மூன்றாவதற்குப் பெரும்பாலும் நான்தான் பதில்.

எங்கள் அகதி விடுதியின் மேல்மாடியில் யூகோஸ்லாவியாச் சண்டைக்குத் தப்பி வந்த ரோமாக் குடும்பங்கள் இருந்தன. அவர்களின் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. ஜெர்மன் தெரியாத பிள்ளையை "விளக்கம் குறைவு" என்று எழுதி, சொண்டர்ஷூலெ என்ற, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை.

இதைப் பொறுக்கமாட்டாமல், பங்குக் கோவிலில் வேலை செய்த ஒரு ஜெர்மன் அம்மணி, கோவிலின் நிலக்கீழ் அறையில் பின்னேர வகுப்புத் தொடங்கினார். தாய்மார் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நாங்களும் உள்ளே இருப்போம், இல்லையென்றால் பிள்ளைகள் வராது. அப்படியே நடந்தது. முன்னால் பிள்ளைகள், பின்வாங்கில் கோப்பியும் கையுமாகத் தாய்மார். ஆசிரியர் வேலைக்கு அம்மணி என்னைப் பிடித்தார்.

"ரோமாக்கள் ஆதியில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நீங்களும் அந்தப் பக்கம்தானே. இலகுவாக ஒத்துப்போவீர்கள்."

"நான் மன்னார்" என்றேன்.

"ஓ, பக்கம்தானே!"

எனக்கு மறுக்க ஜெர்மன் போதவில்லை. ஆசிரியரானேன்.

பின்வாங்கில் ஒரு தாய் என்னை முதல் நாளே "பிரால" என்று கூப்பிட்டா. மன்னாரானுக்கு அது இறால் என்றுதான் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் மொழியில் அது சகோதரத்தைக் கூப்பிடுகிற சொல். அவவின் மூத்த மகன் ஏற்கெனவே சொண்டர்ஷூலெயில். "என்ர பெடியன் கெட்டிக்காரன், பிரால. மூண்டு வருசமா அங்க படத்துக்கு நிறம் தீட்டுறான். இவளும் அங்க போகப்படாது." இவள் என்றது முன்வரிசையில் இருந்த ஏழு வயது மகளை. அவள் நான் சொல்வதை எல்லாம் அப்படியே பிடிப்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. பயந்திருக்க வேண்டும்.

சித்திரையில் பள்ளிக்கூட அதிபர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சோதித்தார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அம்மணி வாசித்தார்: "பிள்ளை எல்லாக் கேள்விக்கும் தலையை ஆட்டி மறுக்கிறது. எண்ணத் தெரியாது. இடைக்கிடை தியானம் செய்கிறது. சொண்டர்ஷூலெ பொருத்தம்."

"தியானமோ?" என்றா தாய்.

"'ஓம்' என்று சொன்னாளாம்."

எனக்குக் காதுக்குள் ஒரு அடுக்குக் கோப்பை விழுந்து உடைந்தது. ஆர் இதை உடைச்சது?

"அம்மணி, நான் 'ஓம்' எண்டு சொல்லுறனான். கேட்டிருக்கிறீங்களோ?"

"எப்போதும். உங்கள் பிரார்த்தனையில் நான் தலையிடக்கூடாது என்று இருந்துவிட்டேன்."

நான் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். அவரோடு ஒரே கோவிலில் பூசை பார்க்கிறவன்.

தாய் எழும்பினா. "பிரால, நீதான் உடைச்சாய். நீதான் ஒட்டோணும்."

அம்மணி அதிபரைச் சந்திக்க டெர்மின் எடுத்து, நாளும் நேரமும் எழுதித் தந்தார். தாயும் மகளும் நானும் ட்ராமில் ஏறினோம். ஏறியதும் வழக்கம்போல ஆசனங்களில் இருந்த கைப்பைகள் எல்லாம் மடிகளுக்கு ஏறின. "உன்னைப் பாத்தோ, என்னைப் பாத்தோ?" என்று தாய் கேட்டா. இறங்கும்வரை முடிவு காணவில்லை.

அதிபர் மரியாதையான மனுசி. யோகா வகுப்புக்குப் போகிறவராம். அதனால்தான் "ஓம்" என்றதும் தியானம் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் அது வெறும் "ஆமாம்" என்று விளக்கினேன். நான் ஜெர்மனில் விளக்கியதை நீங்கள் கேட்டிருந்தால் அழுதிருப்பீர்கள்.

"அப்படியென்றால் பிழை உங்களுடையது?" என்றார்.

பதற்றத்தில் என் வாய் "ஓம்" என்றது. தலையும் சேர்ந்து இடமும் வலமும் சரிந்தது.

அதிபர் பேனையைக் கீழே வைத்தார். "இது யாவா, நைன்னா?" ஆமாமா, இல்லையா என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறக்க முன்னம் பிள்ளை சொன்னாள்: "அது யா. மரியாதையான யா."

"எப்படி?"

"இவர் எங்களுக்கு 'யா' எண்டுவார். அம்மணிக்கு 'ஓம்' எண்டுவார். கோவில் டெலிபோனில ஆரும் பெரியாள் கதைச்சால், ஓம், ஓம், ஓம். சின்னாக்களுக்கு யா, பெரியாக்களுக்கு ஓம். நீங்கள் எல்லாரிலும் பெரியாள்."

எனக்கே தெரியாத இலக்கணத்தை என் வாயிலிருந்து கண்டுபிடித்திருந்தாள்.

"ஆனால், இருபதுவரை எண்ணத் தெரியுமா என்று கேட்டேன். நீ எண்ணவில்லையே."

"தெரியுமோ எண்டு கேட்டீங்கள். ஓம் எண்டு சொன்னன். எண்ணு எண்டு சொல்லேல்லையே."

அதிபர் தாயைப் பார்த்தார். தாய் இரண்டு கையாலும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தா. "சரி, எண்ணு" என்றார் அதிபர்.

பிள்ளை எழும்பி நின்று எண்ணினாள். பத்தில் நிறுத்தி, "கவனம், சூடு!" என்று உரத்துச் சொன்னாள். பதினொன்றிலிருந்து மறுபடி. இருபதில் மறுபடி, "கவனம், சூடு!" பத்துப் பத்தாக அடுக்கித் தூக்குகிற எனக்கு அப்படித்தான் எண்ண வரும். நாற்பதாவது கோப்பையில் அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்புத்தான்.

பழைய கடிதத்தைக் குறுக்கே கீறிவிட்டு, "ஆவணியில் முதலாம் வகுப்புக்கு வரட்டும்" என்றார். தாய் கதிரையை விட்டா. "ஆனால் நிபந்தனை உண்டு. இவர் மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படிக்கவேண்டும்."

தாய் உடனே, "போவார்" என்றா. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மார்கழியில் அவள் முதலாம் வகுப்பு, நானும் முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நிலக்கீழ் அறைக்கு வருவாள். இப்போது கேள்வி கேட்பது அவள்.

"வீட்டுப்பாடம் செய்தாச்சோ?"

"ஓம்."

"நான் சின்னாள். எனக்கு யா போதும்."

"ஓம்" என்றேன் மறுபடியும், தலையையும் சரித்து.

பின்வாங்கில் தாய்மார் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"அப்ப கொப்பியைக் காட்டுங்கோ."