தையற்காரனை யாரும் தூக்கில் போடவில்லை

அந்தப் படத்தின் கடைசிச் சுருளைக் கொட்டகைக்காரர் வெட்டிவிட்டார் என்று தூத்துக்குடியில் இன்னமும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சுருள் கணக்குச் சீட்டை வாசித்தவன் நான். சுருள்களைச் சரிபார்த்தவனும் நான். படம் அங்கேதான் முடிகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பிலிமுக்குத் தட்டுப்பாடு என்று சர்க்கார் படங்களின் நீளத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தது. அதனால் எந்தப் படம் சட்டென்று முடிந்தாலும் ஜனங்களுக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை தோணிகள் கடலுக்குப் போகா. மாதா கோயிலில் பூசை கண்டு, சாப்பிட்டுவிட்டு, சங்கு குளிக்கிற ஆட்கள் பகல் ஆட்டத்துக்கு வந்து தரையை நிரப்பிவிடுவார்கள். இங்கிலீஷ் படமானால் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தகரக் குழலோடு நின்று கதை சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் என்பதால் அந்தக் குழல் என் கைக்கு வந்தது. என் அப்பா சங்குத் தோணியில் கயிறு பிடிக்கிறவர். குளியாள் கடலுக்குள் முங்கியிருக்கும்போது, மேலே கயிற்றின் அசைவைக் கையில் உணர்ந்துகொண்டு நிற்கிற வேலை. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனுஷர், மகன் குழல் பிடிக்கிறான் என்று முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்.

அதே படிப்புக்காகத் தெருக்காரர்களின் கடிதங்களும் என்னிடம் வரும். அதில் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். அதை மறைத்துவிட்டு மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எதிர்வீட்டு மைனியின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர். எனக்கு அண்ணன் முறை. அவரிடமிருந்து வந்த ஒரு கடிதம், ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்’ என்பதோடு நின்றுபோயிற்று. எப்போது வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாரும் போடுகிற ‘மற்றவை நேரில்’கூட இல்லை. மைனி மீன் செதிள் ஒட்டிய கையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பாஸ்காவுக்கு வருகிறேன், மற்றவை நேரில்’ என்று நானே சேர்த்து வாசித்துவிட்டேன்.

ஏசு உயிர்த்த பாஸ்காத் திருநாளன்று பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை மாட்டி, காலையிலிருந்து துறையில் நின்றாள். சின்னவனைத் தோளில் சுமந்துகொண்டு என் அப்பாவும் கூட நின்றார். கொழும்புத் தோணி வந்தது. அவர் வரவில்லை. சொன்ன சொல் தவறியவன் என்று தெருவே அவரைத் திட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. இனி இல்லாததை வாசிப்பதில்லை என்று மட்டும் எனக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் படம். அதில் ஒரு கிழட்டுத் தையற்காரன். பரம சாது. தன் வீட்டில் குடியிருப்பவனை, மாடியில் நல்ல துணி இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போகிறான். படம் பிடித்தவன் கூடவே ஏறிப்போகவில்லை. கீழே நின்றுவிடுகிறான். பாதித் தையலில் விட்டுப்போன மெஷினின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே என்ன நடக்கிறது, சொல்லு என்று கூட்டத்தில் ஒரு குரல். நான் குழலைக் கீழே இறக்கினேன். சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து, “மாதாவே” என்று ஒரு முனகல். கத்தரிக்கோலைக் காட்டவில்லை, ரத்தத்தைக் காட்டவில்லை. ஆனால் கொட்டகையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கொலையை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

முடிவில் தையற்காரன் ரயிலில் தப்பித்துப் போகிறான். எதிரே உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரன் மணி கேட்கிறான். இவன் யோசிக்காமல் பையிலிருந்து கடிகாரத்தை எடுக்கிறான். செத்தவனுடைய கடிகாரம். போலீஸ்காரன் அதைப் பார்க்கிறான். ரயில் மலைக்குகைக்குள் நுழைகிறது. திரை முழுக்க இருட்டு, சக்கரச் சத்தம் மட்டும். பிறகு முடிந்தது என்று இங்கிலீஷ் எழுத்து.

படம் காட்டுகிற மெஷினில் கார்பன் விளக்கு அணைந்துவிட்டது என்று எண்ணி ஜனங்கள் காத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் சண்டை. பெட்டியையே தூக்கிவந்து, எத்தனை சுருள் என்று சீட்டில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அப்பாவின் தோணியில் சங்கு குளிக்கிற ஒருவர், அப்பா பக்கம் திரும்பினார்.

“என்ன அண்ணாச்சி, உம்ம மவன் படிச்ச புஸ்தகத்துல கடைசிப் பக்கத்தைக் கிழிச்சிட்டாவளா?”

ஒரே சிரிப்பு. அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க தண்ணிக்குள்ள கெடக்கும்போது எங்க அப்பா எதைப் பாத்தாவ மாமா? கயிறு ஒண்ணுதான கையில இருக்கு?”

“ஏலே, முங்குனவன் மேல வருவாம்லா. உன் தையக்காரன் எங்கன வந்தான்?”



வாரத்தின் நடுவில் கொட்டகைக்கார அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். அடுத்த ஞாயிறும் அதே படம்தான். குகை வந்ததும், போலீஸ்காரன் விலங்கு மாட்டினான், கோர்ட்டில் தூக்கு விதித்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துச் சொல்லிவிடு என்றார். படத்தில் இல்லையே என்றேன். “படம் எடுத்தவன் இங்கன வந்து கேக்கப் போறானாக்கும்?” என்றவர், சொல்லாவிட்டால் குழலை வேறு ஆளிடம் கொடுப்பதாகவும் சொன்னார்.

வீட்டில் அப்பாவும் அதையே கேட்டார்.

“ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போயேம்ல. நாளைக்கு நான் அவங்களோடதான தோணி ஏறணும்?”

அப்போதுதான் கடித விஷயத்தை அவரிடம் சொன்னேன். பாஸ்காவுக்கு வருகிறேன் என்று கொழும்பு அண்ணன் எழுதவில்லை, அது நான் கட்டியது என்று. “அந்தப் பிள்ளையைச் சுமந்துக்கிட்டு நின்னவன் நான்லா” என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் என்னோடு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்வரிசையில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றார். சக்கரம் நின்றது. கடிகாரம் வெளியே வந்தது. ரயில் இருட்டுக்குள் போனது. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை இல்லை என்று எவரும் என்னிடம் சாதிக்க முடியாது. பக்கத்தில் நின்றவன் நான். குழலைத் தூக்கி, “படம் முடிஞ்சிட்டு” என்றேன்.

“மேல வந்தானா இல்லையாலே?” அதே குளியாளின் குரல்.

“தெரியாது மாமா. படத்துல காட்டல. காட்டாததை நான் சொல்ல மாட்டேன்.”

கூச்சல் கிளம்பியது. அண்ணாச்சி என் கையிலிருந்து குழலைப் பிடுங்கி, தையற்காரனைத் தாமே தூக்கில் போட்டார். அப்படி ஒரு கைதட்டல். தட்டினால் தட்டட்டும். நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

அப்பா வெயிலில் நின்றிருந்தார். “உன் மைனி வீட்டுலதான் இருக்கா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எதிர்வீட்டில், மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கடிதத்தை மைனி எடுத்துத் தந்தாள். முதலிலிருந்து வாசித்தேன். ‘பிள்ளைகளைப் பார்த்துக்கொள்’ என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் மீதிக்காகக் காத்திருந்தாள்.

“அவ்வளவுதான் மைனி. பாஸ்கான்னது நான் சேத்தது.”

அவள் காகிதத்தை வாங்கி, எழுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்ல.”