ஏஜென்ட் குறைத்த வயது

எனக்கு இளமை திரும்பியது நாகர்கோவிலில், ஒரு டீக்கடை பெஞ்சில். ஏஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நாப்பத்தெட்டுன்னா வீட்டு வேலைக்கு எவனும் விசா தரமாட்டான். பாஸ்போர்ட்ல முப்பத்திநாலுன்னு போடுதேன். யார் கேட்டாலும் அதையே சொல்லும்" என்றான். புருஷன் இல்லை, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றேன். சரியென்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தோஹாவில், நஜ்மா என்ற பகுதிக்குப் பக்கத்தில் வீடு. அங்கே வீட்டுக்காரியை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், அவர்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். என் மகள் வயதுக்காரி எனக்கு மாமா. கண்றாவி. அவளுடைய தாய் பெரிய மாமா, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவள். தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். "நீ சின்னப் பொண்ணு, வயசானவங்க கஷ்டம் உனக்கென்ன தெரியும்?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். அவளைத் தூக்கி நிமிர்வதற்குள் என் முழங்காலில் உயிர் போய்விடும். வாயைத் திறக்க முடியுமா? பாஸ்போர்ட்படி எனக்கு முழங்கால் வலிக்கக் கூடாது.

பத்தாவது வருஷம் மகள் போன் செய்தாள். அத்தனை வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவள், இப்போது ஆறு மாதம். "எம்மா, டாக்டர் பயமுறுத்துதாவ. பேறுகாலத்துக்கு நீ வந்துரு. எனக்கு வேற ஆரு இருக்கா?"

மாமாவிடம் லீவு கேட்டேன். "மாஃபி" என்றாள். இல்லையென்றால் இல்லைதான், அவள் புருஷன் கையெழுத்துப் போடாமல் நாட்டைவிட்டுப் போக முடியாது. "அம்மா உன்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டாங்க. நீ வயசுப்பிள்ளை, இன்னும் ரெண்டு வருஷம் இரு."

வயசுப்பிள்ளையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் சாப்பிடும்போது முன்னால் போய் நின்று, தெரிந்த அரபியில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏஜென்ட் பொய் எழுதினான், எனக்கு ஐம்பத்தெட்டு, இந்தக் கிழவியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், அனுப்பிவிடுங்கள் என்றேன். ஜெயிலில் போட்டாலும் கடைசியில் ஊருக்குத்தானே ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

"உன் மகளுக்கு என்ன வயசு?" என்று மாமா கேட்டாள்.

"முப்பத்திநாலு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பாஸ்போர்ட்ல உனக்கு நாப்பத்திநாலு. அப்போ பத்து வயசுல பெத்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். விழுந்ததிலிருந்து சிரிக்காத பெரிய மாமாவும் வாய் கோணச் சிரித்தாள். அதைப் பார்த்து மாமாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இவளைப் போய் எப்படி அனுப்புறது?" என்றாள். அந்த வாரமே என் விசாவைப் புதுப்பித்துவிட்டார்கள்.

பேறுகாலம் முடிந்து மருமகன் பேசினார். பிள்ளை தங்கவில்லை. மகளிடம் போனைக் கொடுங்கள் என்றேன். "பேசமாட்டேங்கா அத்தை" என்றார். பக்கத்தில்தான் இருந்திருப்பாள் பாவி, போனைக் கொடுங்கள் என்று நான் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய மாமாவைத் தூக்கப் போனேன். என்னவென்று கேட்டாள். மகளின் குழந்தை இறந்துவிட்டது என்றேன். நல்ல கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

"அழாதே. உனக்கே இன்னும் பெத்துக்கற வயசு இருக்கு, உன் மகளுக்கு இருக்காதா?"